எழுநூறு கிராம் கடல்

பைபர் படகு ஒன்றின் வயிற்றில், நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே, 38 மில்லிமீட்டர் விட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே உள்ளே புகப் பார்க்கும் கடல் எவ்வளவு பலத்தோடு தள்ளும்? அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 60 கிராம் எடைக்கு நிகரான அழுத்தம் இருக்கும். ஓட்டையின் பரப்பு 11 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 700 கிராம்தான் வருகிறது. உள்ளங்கையை வைத்து அழுத்தினாலே கடல் நின்றுவிடும்.

கையை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட விதி விடை சொல்கிறது. ஓட்டையிலிருந்து பீறிடும் நீரின் வேகம் அதன் மேல் நிற்கும் நீரின் உயரத்தினுடைய வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 60 சென்டிமீட்டருக்கு அது நொடிக்கு 3.4 மீட்டர். விளிம்பைக் கடக்கும்போது நீர்த்தாரை ஒடுங்கிவிடுவதால், கணக்குப்படி வர வேண்டியதில் அறுபது சதவீதம்தான் உண்மையில் உள்ளே வரும். அப்படியும் நிமிடத்துக்கு 140 லிட்டர். அரை மணி நேரத்தில் நான்கு டன்னைத் தாண்டிவிடும். முப்பதடி நீளப் பாய்மரப் படகு ஒன்றின் மொத்த எடையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அடிப்பள்ளத்தில் தண்ணீரை இறைக்க மின்சார பம்ப் இருக்கிறதே என்று தோன்றலாம். மணிக்கு 2000 அமெரிக்க கேலன் என்று பெட்டியில் அச்சிட்ட பெரிய பம்ப்பே 7,570 லிட்டர்தான் இறைக்கும். அதுவும் தண்ணீரை மேலே ஏற்றும் வேலை இல்லாதபோது. நம் ஓட்டை மணிக்கு 8,400 லிட்டரை உள்ளே விடுகிறது. பம்ப் புத்தம் புதியதாக இருந்தாலும், பேட்டரி தீராமல் இருந்தாலும் தோற்பது உறுதி.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த அத்தியாயத்தின் விஷயம் பிடிபடும். ஓட்டையை அடைத்து வைக்க 700 கிராம் விசை போதும். ஆனால் அது இருபது முப்பது ஆண்டுகளுக்கு, இரவு பகல் பாராமல், ஆள் இல்லாத நேரத்திலும் தளராமல் இருக்க வேண்டும். அமெரிக்காவில் போட்யுஎஸ் என்ற படகுக் காப்பீட்டு அமைப்பு தன் இழப்பீட்டுக் கோப்புகளை அலசியபோது, ஓடும்போது மூழ்கும் ஒவ்வொரு படகுக்கும் கட்டி நிறுத்திய இடத்திலேயே மூழ்குபவை நான்கு என்று தெரிந்தது. புயலும் பாறையும் செய்யாததை ஒரு தேய்ந்த வால்வும் ஒரு வெடித்த ஹோஸும் செய்துவிடுகின்றன.

அப்படியானால் அடியில் ஓட்டை போடுவானேன்? நம் கடற்கரைகளில் மணலில் ஏற்றி நிறுத்தும் பைபர் படகுகளின் அடியில் பெரும்பாலும் ஓட்டையே கிடையாது. எஞ்சின் பின்புறம் வெளியே உட்கார்ந்திருக்கும், கழிவறையோ சமையலறையோ இல்லை. படகுக்குள் ஆட்கள் குடியிருக்கத் தொடங்கியதும் கதை மாறுகிறது. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீர் வெளியேற வேண்டும். கழிவறைக்கு ஒரு வழி உள்ளே, ஒரு வழி வெளியே. தளத்தில் விழும் மழைநீருக்கு வடிகால், ஆழம் அளக்கும் கருவிக்கு ஒரு துளை. முப்பதடிப் படகு ஒன்றில் ஏழெட்டு ஓட்டைகள் சர்வசாதாரணம். ஒவ்வொன்றிலும் த்ரூ-ஹல் என்ற குழாய் செருகப்பட்டிருக்கும். வெளிப்பக்கம் காளான் போன்ற அகன்ற தலை, உள்பக்கம் மரை வெட்டிய தண்டு. தண்டின் மேல் ஸீகாக் எனப்படும் அடைப்பு வால்வு, அதற்கு மேல் ரப்பர் ஹோஸ், ஹோஸை இறுக்கும் கிளாம்ப்.

பழுது என்றவுடன் எல்லாருடைய கண்ணும் போவது இந்த உலோகத்தின் மீதுதான். நான் முதலில் பார்க்கச் சொல்வது ஓட்டையின் விளிம்பை.

பைபர் கண்ணாடி என்று நாம் சொல்வது, கண்ணாடி இழைகளை அடுக்கடுக்காகப் போட்டு பாலியெஸ்டர் ரெசினில் ஊறவைத்து இறுகச் செய்தது. பலம் இழையில் இருக்கிறது. ரெசின் அதைப் பிடித்து வைக்கிறது. துளை போடும்போது அந்த இடத்தில் ஓடும் இழை அத்தனையும் அறுபடுகிறது. அறுபட்ட இழைகள் சுமந்த பாரம் துளையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் விளிம்பில் நெரிசல் ஏற்படுகிறது. ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். இழுக்கப்படும் அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், துளையின் இரு பக்கமும் தகைவு மூன்று மடங்காகிறது. துளை சிறிதா பெரிதா என்பது பொருட்டே அல்ல. எல்லாத் திசையிலும் ஒரே பலமுள்ள தகட்டுக்கான எண் இது. இழைகளின் திசையைப் பொறுத்து பைபரில் இது கூடும், குறையும். நீர்மட்டத்துக்குக் கீழே படகின் ஓடு தடிமனாகக் கட்டப்படுவதால் ஒற்றைத் துளையைப் படகு தாங்கிக்கொள்ளும். பழைய துளையை அப்படியே விட்டுவிட்டு அதற்குப் பக்கத்திலேயே புதிதாக இன்னொன்று போடுபவர்கள்தான் ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்கள்.

விளிம்புக்கு இரண்டாவது சங்கடமும் உண்டு. படகின் வெளிப்பரப்பில் ஜெல்கோட் பூச்சு தண்ணீரைத் தடுத்து நிற்கிறது. துளையின் உட்சுவரில் அது இல்லை. அறுபட்ட இழை முனைகள் அங்கே வெளியே தெரிகின்றன. முழுக்கப் பைபரால் ஆன ஓட்டில் இதனால் வரும் தீங்கு மெல்ல நடக்கும். நடுவில் மரம் வைத்துக் கட்டிய ஓட்டில்தான் அது நாசம்.

நடுவில் எதற்கு மரம்? விறைப்புக்காக. ஒரு தகட்டை இரண்டாகப் பிளந்து, இடையில் அதே தடிமனுக்கு லேசான பொருளை வைத்து ஒட்டினால் எடை அதிகம் கூடாமலே விறைப்பு ஏழு மடங்காகிறது. இதற்கு அதிகம் பயன்பட்டது ஈக்வடாரில் விளையும் பால்சா மரம். அதன் நார்கள் ஓட்டுக்குச் செங்குத்தாக நிற்கும்படி குறுக்கே அறுத்து வைப்பார்கள். மரத்தில் தண்ணீர் நாரின் நீளவாக்கில்தான் சுலபமாகப் போகும். பக்கவாட்டில் மிக மெதுவாகவே பரவும். அதனால் ஓரிடத்தில் ஈரம் புகுந்தாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் படகின் வளைவுக்கு ஒத்துப்போகும்படி பால்சாவைச் சிறு சிறு கட்டைகளாக வெட்டி வலைத்துணியில் ஒட்டித்தான் பதிக்கிறார்கள். கட்டைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளை ரெசின் நிரப்பாமல் விட்டிருந்தால், அவை ஒன்றோடொன்று இணைந்த வாய்க்கால்களாகிவிடும். த்ரூ-ஹல்லின் விளிம்பில் புகுந்த நீர் அந்த வழியே போய், ஓட்டையைவிட்டு வெகு தொலைவில் மரத்தை அழுகவைக்கும். பிளாஸ்டிக் தலை வைத்த சிறு சுத்தியலால் ஓட்டின் பரப்பைத் தட்டிக்கொண்டே போனால் தெரிந்துவிடும். நல்ல இடம் கணீரென்று பேசும். அழுகிய இடம் மழுங்கலாக ஒலிக்கும்.

இனி உலோகத்துக்கு வரலாம். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதி முழுவதற்கும் செப்புத்தகடு போர்த்தியது. மரத்தைத் துளைக்கும் புழுவும் பாசியும் அண்டாமல் இருக்கத்தான். மேற்கிந்தியக் கடல்களில் இருந்து திரும்பிய கப்பலை 1763-இல் சோதித்தபோது செம்பு நன்றாக இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் பலவும் அரித்துப்போயிருந்தன. ஆனால் தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழியாமல் ஒட்டியிருந்த இடங்களில் இரும்பு பிழைத்திருந்தது. இரண்டு வேறு உலோகங்கள் கடல்நீரில் நனைந்தபடி ஒன்றையொன்று தொட்டால் மின்கலம் உருவாகும், அதில் ஒன்று கரையும். அந்தச் சுற்றைக் காகிதம் துண்டித்திருந்தது. மின்கலம் என்ற கருவியை வோல்டா 1800-இல்தான் செய்து காட்டினார். அதற்கு முன்பே ஒரு கப்பலின் அடியில் பாடம் எழுதப்பட்டிருந்தது.

ஹம்ப்ரி டேவி 1824-இல் இதே விளைவைப் பாதுகாப்பாக மாற்றினார். செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்துவிட்டால் அது தான் கரைந்து செம்பைக் காக்கும். செம்பு கரையாததால் பாசியும் சிப்பியும் கப்பலில் மறுபடி குடியேறியது வேறு விஷயம். இன்றைக்குப் படகுகளின் அடியில் திருகியிருக்கும் துத்தநாகக் கட்டிகள் டேவியின் வாரிசுகள். பிறகு 1832-இல் மன்ட்ஸ் என்பவர் செம்பு 60, துத்தநாகம் 40 பங்கு கலந்த மலிவான உலோகத்துக்குக் காப்புரிமை பெற்றார். புகழ்பெற்ற ‘கட்டி சார்க்’ கப்பலின் அடியில் போர்த்தப்பட்டது அதுதான். போர்வைத் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது நல்லது. பாசி ஒட்டாது, தேய்ந்த தகட்டை மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டுக் குழாய்க்கடையில் விற்கும் சாதாரணப் பித்தளை வால்வும் கிட்டத்தட்ட அதே கலவைதான். கடல்நீரில் அதிலிருந்து துத்தநாகம் மட்டும் கழன்று போய்விடும். எஞ்சுவது கடற்பஞ்சு போல நுண்துளைகள் நிறைந்த செம்பு. வடிவம் மாறாது, மரை கூட அப்படியே தெரியும், கையால் தட்டினால் உடையும். மஞ்சள் நிறம் போய் இளஞ்சிவப்பு தட்டியிருந்தால் அந்த வால்வின் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஓர் அரத்தால் லேசாகச் சுரண்டினால் போதும், உள்ளே எந்த நிறம் என்று தெரிந்துவிடும். 1970-களில் அமெரிக்காவில் ஏராளமாகக் கட்டப்பட்ட பாய்மரப் படகுகள் பலவற்றில் சக்கரம் திருப்பும் பித்தளை கேட் வால்வுகளே இருந்தன. அவற்றுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. உள்ளே கதவு மூடியதா, பாதியில் குப்பை சிக்கி நிற்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. துளையிட்ட உருண்டை உள்ளே சுழலும் பால் வால்வில் கைப்பிடியின் திசையே சொல்லிவிடும்.

கடலுக்கு உரிய வெண்கலத்தில் பொதுவாகச் செம்பு 85, வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் தலைக்கு 5 பங்கு இருக்கும். துத்தநாகம் இவ்வளவு குறைவாக இருந்தால் அது கழன்று போகும் வேலை நடப்பதில்லை. கண்ணாடி இழை கலந்த நைலான் வால்வுகளும் நம்பகமானவை, அவற்றுக்கு மின்னரிப்பு என்பதே கிடையாது. துருப்பிடிக்காத எஃகை மட்டும் இங்கே நான் விரும்புவதில்லை. அதைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். கசிவைத் தடுக்கப் பூசும் சீலண்டுக்கு அடியில், மரையின் இடுக்கில் தேங்கிய நீரில் அது கிடைக்காது. ஐரோப்பியப் படகுகளுக்கான ஐஎஸ்ஓ 9093 தரம், 1994-இல் வந்தபோது, ‘அரிப்பைத் தாங்கும்’ உலோகம் என்பதற்கு ஐந்தாண்டு பழுதில்லாமல் இருந்தால் போதும் என்று இலக்கணம் வகுத்தது. குடும்பத்தோடு ஏறிப் போகும் படகில், முப்பதாண்டு உழைக்க வேண்டிய உறுப்புக்கு ஐந்தாண்டு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது ஒரே ஓட்டையை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்ப்போம். அமெரிக்காவின் செசபீக் வளைகுடாவில் படகுகளைக் குளிர்காலத்தில் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள். வால்வில் தேங்கிய நீர் உறைந்து ஒன்பது சதவீதம் பெருத்து உலோகத்தைப் பிளந்துவிடும் என்பதால் அப்போது எல்லா வால்வையும் வடித்துவிட வேண்டும். பழுது பார்க்கவும் அதுதான் காலம்.

பழைய த்ரூ-ஹல்லைச் சுழற்றிக் கழற்றும் முயற்சி பெரும்பாலும் பலிக்காது. வெளியே இருந்து கிரைண்டரால் காளான் தலையைத் தேய்த்துக்கொண்டே வந்தால், தலை மெல்லிய வளையமாகித் தனியே விழும். பிறகு தண்டை உள்பக்கமாகத் தட்டி எடுத்துவிடலாம். ஓட்டில் ஒரு கீறல் விழாது. வெளியே வந்ததும் துளையின் சுவரை விளக்கடித்துப் பார்க்க வேண்டும். பழுப்பு நிறத்தில் நீர் கசிந்தால் பால்சா நனைந்திருக்கிறது. உலர்ந்த மரம் கண்ணில் படும்வரை விளிம்பைச் சுற்றித் தோண்ட வேண்டும். மரம் நன்றாக இருந்தாலும்கூட 25 மில்லிமீட்டர் ஆழத்துக்காவது தோண்டி எடுத்துவிடுவது என் கட்சி. வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டிச் சுழற்றினால் இரண்டு தோல்களுக்கும் நடுவில் இருக்கும் மரத்தூள் கொட்டும். முழுக்கக் காய்ந்த பிறகு, முதலில் தண்ணீர் பதத்தில் எபாக்ஸி ரெசினைத் தடவி மரம் குடிக்கும் அளவு குடிக்க விட வேண்டும். அதன்பின் சிலிகா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியைத் திணிக்க வேண்டும். ஒரே தடவையில் நிரப்பக் கூடாது. எபாக்ஸி இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். மொத்தமாகக் கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் கொதித்துப் புகையும், விரிசல் விடும். இறுகியபின் அதன் நடுவில் புதிதாகத் துளை போட்டால், துளையின் சுவர் முழுக்க எபாக்ஸி. தண்ணீருக்கு மரத்தைத் தொட வழி இல்லை. தண்டை உள்ளிருந்து பிடிக்கும் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் நசுங்க மென்மையான பொருளும் அங்கே இல்லை. இந்த ஒரு வேலையைப் படகு கட்டும்போதே செய்திருந்தால் எத்தனையோ பழைய படகுகளின் அடி இன்று அழுகியிருக்காது.

அடுத்தது தாங்குகட்டை. படகின் உட்புறம் வளைவானது, நட்டின் அடியோ தட்டையானது. நேராக இறுக்கினால் இரண்டு புள்ளிகளில் மட்டும் உட்காரும். அதனால் கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்த்து அழுத்திச் செய்த ஜி10 தகட்டில் வட்டமாக வெட்டி, கெட்டி எபாக்ஸியில் பதித்து ஒட்டிவிடுவார்கள். வளைவுக்கும் தட்டைக்கும் நடுவே உள்ள இடத்தை எபாக்ஸி நிரப்பும், அறுபட்ட இழைகளுக்கு ஈடாகத் தடிமனும் கிடைக்கும். அமெரிக்கப் படகுத் தரக்குழுவான ஏபிஒய்சி, வால்வின் உள்முனையில் 500 பவுண்டு, அதாவது 227 கிலோ விசை 30 விநாடி பக்கவாட்டில் அழுத்தினாலும் கசியக் கூடாது என்கிறது. தடுக்க வேண்டியதோ 700 கிராம் கடல். ஆடும் படகில் ஓர் ஆள் தடுமாறி வால்வின் மேல் விழுவார், கருவிப்பெட்டி உருண்டு வந்து மோதும், அசையாத கைப்பிடியை இரும்புக் குழாய் மாட்டி நெம்புவார்கள். அந்த 227 கிலோ இவற்றுக்கெல்லாம் சேர்த்துத்தான்.

மரையில் ஒரு பொறி இருக்கிறது, கடையில் பொருள் வாங்கும்போதே கவனிக்க வேண்டும். அமெரிக்கத் த்ரூ-ஹல் தண்டின் மரை நேராக ஓடும். சாதாரண பால் வால்வின் மரையோ உள்நோக்கி 16-க்கு 1 என்று கூம்பிக்கொண்டே போகும். இரண்டையும் சேர்த்துத் திருகினால் இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகிவிடும். இறுகிவிட்டதே என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் உண்மையில் பிடித்திருப்பது அந்த இரண்டு மூன்று சுற்று மட்டும். அடிப்பக்கம் அகன்று, நேர் மரையோடு வரும் முறையான ஸீகாக்கை வாங்கினால் தண்டு முழுவதும் மரை பிடிக்கும்.

பொருத்துவதற்கு முன் சீலண்ட் இல்லாமல் ஒருமுறை ஒத்திகை பார்த்து, தண்டின் நீளம் சரியா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு பாலியூரித்தேன் சீலண்டைத் தலையின் அடியிலும் தண்டைச் சுற்றியும் தாராளமாக வைத்து இறுக்கலாம். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும், முழுப் பலம் பெறப் பல நாள் ஆகும். விளிம்பைச் சுற்றி ஒரே சீராகப் பிதுங்கி வந்தால் உள்ளே இடைவெளி இல்லை என்று அர்த்தம். ஓரிடத்தில் பிதுங்காமல் இருந்தால் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வைப்பதே சரி. இறுகத் தொடங்கியபின் த்ரூ-ஹல் ஒரு நூலளவு திரும்பினாலும் ஒட்டிய பசை பிய்ந்துவிடும்.

வேண்டாத ஓட்டையை நிரந்தரமாக மூடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. அதே 38 மில்லிமீட்டர் துளை, ஓட்டின் தடிமன் 12 மில்லிமீட்டர். துளைக்கு ஏற்ற வட்டத்தை வெட்டி ஒட்டிவிட்டால் ஆகாதா? ஆகாது. அதைப் பிடித்திருப்பது துளைச் சுவரின் மெல்லிய ஒட்டுப்பரப்பு மட்டுமே, அறுபட்ட இழைகள் அறுபட்டபடியே இருக்கும். இழையிலிருந்து இழைக்குப் பாரம் கைமாற அகன்ற பரப்பு வேண்டும். அதனால் தடிமனைப் போல 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்ப்பது வழக்கம். ஒவ்வொரு பக்கமும் 144 மில்லிமீட்டர். 38 மில்லிமீட்டர் ஓட்டையை மூட, 33 சென்டிமீட்டர் அகலத்துக்கு நல்ல ஓட்டுப் பரப்பைத் தேய்த்துக் குழிக்க வேண்டியிருக்கிறது. முதல் முறை பார்ப்பவர்களுக்குக் கை நடுங்கும்.

தேய்ப்பதற்கு முன்பே மெழுகையும் எண்ணெயையும் கரைப்பானால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்புத்தாள் அவற்றைப் பள்ளங்களுக்குள் அழுத்திவிடும். பறக்கும் கண்ணாடித்தூள் நுரையீரலுக்கு ஆகாது, நல்ல முகமூடி கட்டாயம். ஒட்டுவதற்கு எபாக்ஸிதான் வேண்டும். பழைய பாலியெஸ்டர் எப்போதோ இறுகி முடிந்துவிட்டது. அதன்மேல் ஊற்றும் புதுப் பாலியெஸ்டர் வேதிப்பிணைப்பு கொள்ளாது. எபாக்ஸி பசையாகவே இயல்பில் பலமானது. ஆனால் சாதாரண துண்டிழை மேட்டை அதோடு போட்டால் ஊறாது. அந்த மேட்டிலுள்ள பொடிப்பசை பாலியெஸ்டரிலுள்ள ஸ்டைரீனில்தான் கரையும். நெய்த அல்லது தைத்த துணியாக வாங்க வேண்டும்.

சரிவை நிரப்ப வட்டங்களாக வெட்டிய துணியில் எந்தத் துண்டை முதலில் வைப்பது என்பதில் பட்டறைக்குப் பட்டறை அபிப்பிராயம் மாறும். பெரிய வட்டத்தை முதலில் வைத்துப் படிப்படியாகச் சிறியதற்குப் போவதே எனக்குச் சரியாகப் படுகிறது. முதல் துணியே சரிவு முழுவதையும் பற்றிக்கொள்கிறது. கடைசியில் மட்டம் பார்க்கத் தேய்க்கும்போது பலமான அந்தப் பெரிய துண்டு பத்திரமாக அடியில் இருக்கிறது.

தண்ணீரில் இறக்கும்போது பாரந்தூக்கியின் பட்டைகளை உடனே அவிழ்க்க விடக் கூடாது. படகு மிதந்தபடி பட்டையில் தொங்கட்டும். உள்ளே போய், வால்வுகளை மூடிவைத்தபடியே ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் உலர்ந்த காகிதத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். காகிதம் நனையாவிட்டால் வால்வை ஒவ்வொன்றாகத் திறந்து, ஹோஸையும் கிளாம்ப்பையும் அதேபோலப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அந்தத் துளைக்கு ஏற்ற கூம்பு மரக்கட்டை ஒன்று கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும். உலோகம் உடைந்துபோனால் அதைச் செருகிப் பிடித்துக்கொள்ளலாம். மறுநாள் காலை இன்னொரு முறை காகிதச் சோதனை. அதன்பின் மாதம் ஒருமுறை எல்லாக் கைப்பிடிகளையும் மூடித் திறந்தால் போதும், உள்ளே உப்பும் சிப்பியும் படிந்து இறுகிப்போகாது.